வெஸ்டிபியூலர் பயிற்சிக்குத் தமிழ் என்ன? வியாழன் அச்சுக்குப் போகிறது

உவர்மலை, இயன்மருத்துவர்:
வணக்கம். எங்கள் கிளினிக்கில் தலைச்சுற்றுக்காரருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கிறோம். சிங்களப் பகுதி முடிந்தது, தமிழ் தலைப்பிலேயே நிற்கிறது. உட்காதின் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் ஈர்ப்பை உணரும் இரண்டு பைகளும் சேர்ந்து சமநிலை காக்கும் 'வெஸ்டிபியூலர்' அமைப்புப் பழுதானால், கைப் பெருவிரலைப் பார்த்தபடி தலையை இடம் வலம் திருப்புவது, நுரைமெத்தையில் நிற்பது என்று பயிற்சி கொடுப்போம். அதற்கு ஒரு பெயர் வேண்டும். 'வெஸ்டிபியூலர் புனர்வாழ்வு' என்று ஒருவர் எழுதித் தந்திருக்கிறார்.

சம்பூர், தமிழாசிரியர்:
பிள்ளை, புனர்வாழ்வு வேண்டவே வேண்டாம். வடசொல் என்பதற்காக மட்டுமல்ல. 2009இல் போர் முடிந்து முன்னாள் போராளிகளைப் 'புனர்வாழ்வு' முகாம்களில் வைத்த பிறகு, இந்தப் பக்கத்தில் அந்தச் சொல் எதை நினைவூட்டும் என்று உமக்கே தெரியும். கதவில் எழுதினால் பாதிப்பேர் உள்ளே வரமாட்டார்கள். வெஸ்டிபியூல் என்றால் இலத்தீனில் வீட்டு முகப்பு. நம்மிடம் முன்றில் இருக்கிறதே! இல்முன் என்பது முன்றில் ஆனது, இலக்கணப்போலி. 'முன்றில் மீள்பயிற்சி' என்று போடும்.

கிண்ணியா, மொழிபெயர்ப்பாளர்:
சேர், முற்றம் கூட்டப் பழக்குகிறார்கள் என்று எங்கட உம்மா நினைப்பா. தலைச்சுற்றுக்குச் சனம் சொல்வது தலைக்கிறுதி. 'கிறுதிப் பயிற்சி' போதாதா?

சம்பூர், தமிழாசிரியர்:
தொகையை விரித்துப் பாரும் தம்பி. கிறுதியைத் தீர்க்கும் பயிற்சியா, கிறுதியை வருவிக்கும் பயிற்சியா?

உவர்மலை, இயன்மருத்துவர்:
சேர், இரண்டும்தான்! தலைச்சுற்றைக் கிளப்பும் அசைவையே அளவாகத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறோம், மூளை அதற்குப் பழகிவிடும். தொடக்கத்தில் சுற்று கூடும். அது தெரியாமல் பயந்து இடையில் விட்டுப் போகிறவர்கள்தான் எங்கள் பெரிய தலையிடி. ஆனால் காதுக்குள் சுண்ணாம்புத் துணிக்கை இடம்மாறி வரும் சுற்றுக்கு வழி வேறு. எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். திடீர்ச் சுற்றோடு பேச்சுக் குழறினாலோ கைகால் ஒருபக்கம் சோர்ந்தாலோ பயிற்சி, கியிற்சி ஒன்றும் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

திருகோணமலை நகர், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி:
கிறுதி நல்ல சொல். கிறங்கு, கிறக்கம், கிறுகிறுப்பு எல்லாம் சுழற்சிப் பொருள் தரும் ஒரே வேர் என்பது என் கட்சி. கிறுக்கனும் தலை சுழன்றவனே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்று நூலுக்கு 'அங்காதிபாதம்' என்றவர், இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்' என்று வைத்துவிட்டுப் போனார். அவருக்கில்லாத தூய்மை நமக்கு ஏன்? 'வெஸ்டிபியூலர் பயிற்சி' என்றே விடுங்கள்.

சம்பூர், தமிழாசிரியர்:
கெமிஸ்தம் இன்று எங்கே ஐயா? வேதியியலும் இரசாயனமும்தானே நின்றன.

கிண்ணியா, மொழிபெயர்ப்பாளர்:
கிறுக்கன் என்று ஐயா எடுத்துவிட்ட பிறகு 'கிறுதிப் பயிற்சி'யை நானே கைவிடுகிறேன். மூதூர்த் தோணிக்காரருக்கு வெஸ்டிபியூலரும் விளங்காது. அவர் வந்து சொல்வது, "தரையில் நிண்டாலும் தோணி ஆடுற மாதிரி இருக்கு" என்பது. 'தலைச்சுற்று சமநிலைப் பயிற்சி' என்று போடுவோம்.

உவர்மலை, இயன்மருத்துவர்:
சரி, அதுவே போகட்டும். கீழே சின்ன எழுத்தில் 'வெஸ்டிபியூலர் சிகிச்சை' என்றும் இருக்கும், டொக்டர்மார் துண்டில் எழுதுவது அதுதான். "முதலில் சுற்று கூடலாம், பயப்பட வேண்டாம்" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

சம்பூர், தமிழாசிரியர்:
பெரும்பான்மை வென்றது, வாழ்க. வகுப்பில் நான் முன்றில் என்றுதான் சொல்லப்போகிறேன். ஒன்று மட்டும்: 'சுற்று' வன்தொடர்க் குற்றியலுகரம். 'தலைச்சுற்றுச் சமநிலை' என்று ச் வர வேண்டாமா?

கிண்ணியா, மொழிபெயர்ப்பாளர்:
உம்மைத்தொகை சேர், வலி மிகாது. ச் போட்டால் தலைச்சுற்றில் சமநிலை கண்டவர் ஆகிவிடுவார்.

சம்பூர், தமிழாசிரியர்:
உம்மைத்தொகை என்று எதை வைத்துச் சொல்கிறீர்? நாளை விரிவாக எழுதுகிறேன்.