"தன் புத்தகத்தைக் கண்ணன் தொலைத்தான்": இதில் நகர்வு உண்டா, இல்லையா?

மரவரைபடம்:
"தமிழில் சொற்கள் எந்த வரிசையிலும் வரும், நகர்வும் சங்கிலியும் ஆங்கிலத்தின் தலைவலி" என்று நேர்வரிசை நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரே வாக்கியம் தருகிறேன். "தன் புத்தகத்தைக் கண்ணன் தொலைத்தான்." தன் என்றால் கண்ணன். ஆனால் கண்ணன் பின்னால்தானே வருகிறான்? செயப்படுபொருளான "தன் புத்தகத்தை" தன் இடத்தைவிட்டு முன்னே போனாலும் (இதுதான் நகர்வு) அதன் நகல் வினைக்குப் பக்கத்தில், வாக்கிய மரத்தில் கண்ணனுக்குக் கீழே இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் சங்கிலி. வாயில் வருவது மேல்நகல், "தன்" கண்ணனோடு சேர்வது கீழ்நகலில்.

நேர்வரிசை:
"தன்" எழுவாயைத் தேடும். எழுவாய் கண்ணன். முடிந்தது. காதில் விழாத நகல் எதற்கு? மொழியியலாளர்கள் கப்லானும் பிரெஸ்னனும் 1982இலேயே நகர்வு இல்லாமல் இலக்கணம் எழுதிக் காட்டிவிட்டார்கள். உங்கள் மொழியியலாளர் சாம்ஸ்கி 1973இல், நகர்ந்த சொல் பழைய இடத்தில் ஒலியில்லாத தடம் ஒன்றை விட்டுச்செல்லும் என்றார், 1993இல் தடம் வேண்டாம், நகல் என்றார். அடுத்து என்னவோ!

மரவரைபடம்:
ஆண்டுக் கணக்கை யாரும் கேட்கவில்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள். "ஒவ்வொரு மாணவனையும் அவனுடைய அம்மா பாராட்டினாள்." அவனவன் அம்மா என்ற பொருள் சுலபமாக வருகிறது. திருப்பிப் போடுங்கள்: "அவனுடைய அம்மா ஒவ்வொரு மாணவனையும் பாராட்டினாள்." இப்போது யாரோ ஒருவனுடைய அம்மா. செயப்படுபொருள் மேலே ஏறியதால் வந்த வித்தியாசம் இது.

நேர்வரிசை:
முன்னால் வந்ததால் வந்த வித்தியாசம். அதற்கு ஒரு மரம் வரைய வேண்டுமா?

மரவரைபடம்:
முன்னால் வருவதுதான் கணக்கு என்றால் "தன் புத்தகத்தைக் கண்ணன் தொலைத்தான்" தவறாகியிருக்க வேண்டுமே! ஆகவில்லையே!

நேர்வரிசை:
"தன்" வேறு, "அவன்" வேறு. உங்களுக்குத்தான் வசதி, மேலே தேவைப்பட்டால் மேல்நகல், கீழே தேவைப்பட்டால் கீழ்நகல். எது வந்தாலும் வெற்றி உங்களுக்கே.

கயல்:
எனக்குத் திருப்பிப் போட்ட வாக்கியத்திலும் அவனவன் அம்மா என்ற பொருள் வருகிறது.

மரவரைபடம்:
வராது. நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்.

கயல்:
எனக்கு வருகிற பொருளை வராது என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம் ஐயா? ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான வார்ல்பிரி பற்றிப் பேசியபோதும் இதே கதைதான். அந்த மொழியைப் பற்றி மொழியியலாளர் ஹேல் 1983இல் எழுதியதை நான் எடுத்துச் சொன்னேன், "படித்துவிட்டு வாருங்கள்" என்றீர்கள். நான் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மரவரைபடம்:
வார்ல்பிரியை இங்கே இழுக்காதீர்கள்.

இளவல்:
நேர்வரிசை அண்ணே, "கண்ணனுக்குத் தன் வீடு பிடித்தது." இதில் எழுவாய் யார்? கண்ணன் நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். "பிடித்தான்" என்றும் வரவில்லை.

நேர்வரிசை:
வேற்றுமை எதுவானாலும் எழுவாயின் வேலையைச் செய்வது கண்ணன்தான், தம்பி.

இளவல்:
"தன்" குறிப்பதால் கண்ணன் எழுவாய், எழுவாய் என்பதால் "தன்" குறிக்கிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கலாமா?

நேர்வரிசை:
பள்ளிக்கூட இலக்கணத்தை வைத்துக்கொண்டு என்னிடம் வராதே.

மரவரைபடம்:
தம்பி கேட்டதற்குப் பதிலைக் காணோம். சரி, இன்னொன்று. "நான் கண்ணன் மாலாவுக்குக் கொடுத்த புத்தகத்தை வாங்கினேன்." இதில் "மாலாவுக்கு" என்பதை மட்டும் உருவி முதலில் வையுங்கள்: "மாலாவுக்கு நான் கண்ணன் கொடுத்த புத்தகத்தை வாங்கினேன்." இப்போது வாங்கியது மாலாவுக்காக. கண்ணன் அவளுக்குக் கொடுத்தான் என்ற பொருள் போய்விட்டது. எந்த வரிசையிலும் வரும் என்றீர்களே, இது ஏன் வரவில்லை? பெயரெச்சத் தொடருக்குள்ளிருந்து வெளியே நகர முடியாது. மொழியியலாளர் ராஸ் 1967இல் தீவு என்று பெயர் வைத்தது இதற்குத்தான். நகர்வே இல்லையென்றால் நகர்வுக்குத் தடை எப்படி வரும்?

நேர்வரிசை:
அது கேட்பவருக்குப் புரிந்துகொள்வதில் உள்ள சிக்கல். "மாலாவுக்கு" பக்கத்தில் இருக்கிற வினையோடு சேர்கிறது.

மரவரைபடம்:
பக்கத்தில் இருப்பது "கொடுத்த". சேர்ந்தது தூரத்தில் இருக்கிற "வாங்கினேன்" என்பதோடு. நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நேர்வரிசை:
அதெல்லாம் இருக்கட்டும். "தன்" எழுவாயைத் தேடும் என்றேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மரவரைபடம்:
முதல் பதிவிலேயே சொன்னேன். கீழ்நகல்!