ஓட்டல்ல எஃப்.எம். வெச்சதுக்கும் ராயல்டியா?

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
நேத்து வேற ஒரு திரியில ஒரு அண்ணாச்சி எழுதியிருந்தார்: "காசு கட்டாம கடையில பாட்டு போடுறவன் எல்லாம் பாட்டுத் திருடன்." படிச்சதுல இருந்து வயிறு எரியுது, அதான் தனித் திரி போடுறேன். பதினாறு வருஷமா ஓட்டல் நடத்துறேன். நாப்பது பேர் உக்காரலாம். கல்லாவுக்கு மேல முருகன் படம், பக்கத்துல ஒரு எஃப்.எம். ரேடியோ. ஸ்பீக்கர் கிடையாது, டிஜே கிடையாது. போன மாசம் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. இந்தப் பாட்டெல்லாம் எங்க கம்பெனிக்குச் சொந்தம், வருஷக் கட்டணம் கட்டு, இல்லேன்னா கேஸ்னு. ரேடியோக்காரன் ஏற்கெனவே காசு கட்டித்தானே பாட்டு போடுறான்? அதே பாட்டுக்கு நான் எதுக்கு மறுபடி கட்டணும்? திருடன்னு சொன்ன ஆளு இங்க வந்து பதில் சொல்லட்டும்.

வயலின்காரர் மகன்:
அந்த ஆளு நான்தான். சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். ரேடியோக்காரன் கட்டுறது ஒலிபரப்புக்கு. உங்க வியாபாரத்துக்கு இல்ல. ஃபேன் காசு கொடுத்து வாங்குறீங்க, டேபிள் காசு கொடுத்து வாங்குறீங்க. பாட்டு மட்டும் ஓசியில வரணும். பாட்டால வியாபாரமே இல்லேன்னா நாளைக்கே ரேடியோவை நிறுத்திட்டு நடத்திப் பாருங்களேன்.

கோர்ட் குமாஸ்தா:
இரண்டு பேரும் முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துக்கொண்டால் நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2(எஃப்எஃப்) பிரிவில் 'பொதுமக்களுக்குக் கொண்டுசேர்த்தல்' என்றால் என்ன என்று வரையறை இருக்கிறது. எந்த வழியிலாவது பொதுமக்கள் கேட்கும்படி செய்தால் அதில் அடங்கும். ஓட்டல் அறைகளையே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். இன்னொன்று: ஒரே பாட்டில் மூன்று உரிமை உண்டு. வரி, மெட்டு, ஒலிப்பதிவு. வரிக்கும் மெட்டுக்கும் 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் காசு கேட்கும். ஒலிப்பதிவுக்கு, ஆடியோ கம்பெனிகள் சார்பில் வசூலிக்கும் பி.பி.எல். போன்றவர்கள் தனியாகக் கேட்பார்கள். நோட்டீஸ் எதற்கு வந்தது என்று ஓட்டல்காரர் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
அண்ணே, பிரிவு கிடக்கட்டும். ரேடியோவுக்கு ரெண்டு தடவை காசு வாங்கலாமா கூடாதா? ஒரு வரியில சொல்லுங்க.

டவுன் பஸ்:
நான் பொள்ளாச்சிப் பக்கம் தனியார் பஸ் ஓட்டுறேனுங்க. பென்டிரைவ்ல ஆயிரத்துச் சொச்சம் பாட்டு இருக்குது. காலைல எட்டேகால் டிரிப்புக்குன்னு தனி வரிசை, மழை நாளைக்குத் தனி வரிசை. முன்னாடி கவர்மென்ட் பஸ் காலியாப் போனாலும் விட்டுட்டு, பாட்டுக்காகவே எங்க வண்டிக்கு நிக்கிற காலேஜ் புள்ளைங்க இருக்குதுங்க. அப்ப நானும் திருடனுங்களா?

வயலின்காரர் மகன்:
நீங்களே சொல்லிட்டீங்களே, பாட்டுக்காகத்தான் ஏறுறாங்கன்னு. டிக்கெட் காசு முதலாளிக்கு. பாட்டுக்காரனுக்கு என்ன?

டவுன் பஸ்:
அதை முதலாளிகிட்ட கேளுங்க. எனக்குப் படியே எழுநூறு ரூபாய்தானுங்க.

பிழைதிருத்தி:
இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அந்தப் பழைய திரியில் எல்லாரும் 'காப்புரிமை' என்றே எழுதித் தள்ளியிருக்கிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. பாட்டுக்கும் நூலுக்கும் உள்ளது பதிப்புரிமை. இந்த வேறுபாடு தெரியாதவர்கள் சட்டம் பேசுவது வேதனை.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
ஐயா வந்துட்டார். போன தடவை 'சாம்பார்' தமிழ்ச் சொல்லான்னு நாலு நாள் ஓட்டினீங்க, எனக்கு மறக்கல. காப்புரிமையோ பதிப்புரிமையோ, ரேடியோவுக்குக் கட்டணுமா வேண்டாமா?

ஸ்காபரோ பேக்கரி:
நான் டொராண்டோவில பேக்கரி வச்சிருக்கிறன். இஞ்சையும் இந்தக் காசு இருக்கு. முந்தி ராயல்டி சேர்க்கிற சோக்கான் எண்ட அமைப்பு ஒரு பில், ரீசவுண்ட் எண்ட அமைப்பு ஒரு பில். 2019-க்குப் பிறகு என்டாண்டம் எண்ட அவையளின்ர கூட்டு நிறுவனத்தில ரெண்டும் ஒண்டாக் கட்டலாம். சீடி போட்டாலோ ஃபோனில இருந்து போட்டாலோ கட்டத்தான் வேணும். ஆனா கேளுங்கோ, கனடாச் சட்டம் 69-ம் பிரிவில, சாதாரண கடையில வானொலிப் பெட்டி போட்டால் ராயல்டி அறவிடேலாது எண்டு தெளிவா எழுதிக் கிடக்கு. டிக்கெட் வித்து ஆட்களை விடுற தியேட்டருக்குத்தான் அந்த விலக்கு இல்லை. அதால என்ர கடையில வானொலி மட்டுந்தான்.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
அப்படிப் போடுங்க! பாத்தீங்களா? கனடாக்காரனுக்கே நியாயம் தெரியுது. இதைத்தானே நான் காலையில இருந்து கத்துறேன். ரேடியோ ஃப்ரீ. வயலின்காரரே, இப்ப யார் திருடன்?

வயலின்காரர் மகன்:
உங்க ஓட்டல் கனடாவுலயா இருக்கு?

கோர்ட் குமாஸ்தா:
அமெரிக்காவிலும் சலுகை உண்டு. 2,000 சதுர அடிக்குக் குறைந்த கடையும் 3,750 சதுர அடிக்குக் குறைந்த உணவகமும் ரேடியோ, டிவி வைத்துக்கொள்ளலாம். அது சர்வதேச ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று ஐரோப்பிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2000இல் ஜெயித்தும்விட்டார்கள். நம் சட்டத்தில் கடை ரேடியோவுக்கு என்று தனி விலக்கு இல்லை. 52ஆம் பிரிவில் விலக்குப் பட்டியல் இருக்கிறது. குடியிருப்பவர்களுக்கான பொது அறை, லாபநோக்கமில்லாத சங்கம், இப்படி. அந்த இடத்திலேயே 'ஓட்டல் போன்ற வணிக இடம் நீங்கலாக' என்று போட்டிருக்கிறது.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
விலக்கு இல்லேன்னுதானே இருக்கு? கட்டணும்னு ரேடியோ பேரைச் சொல்லி எங்க எழுதியிருக்கு? காட்டுங்க.

மண்டபத்து மாப்பிள்ளை:
கல்யாணத்துக்குப் பாட்டு போட்டாலும் லைசென்ஸ் எடுக்கணுமாமே? எங்க மண்டபத்துல வந்து மிரட்டிட்டுப் போனானுங்க.

கோர்ட் குமாஸ்தா:
வேண்டியதில்லை. 52(1)(இசட்ஏ). மதச் சடங்கு, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தை ஒட்டிய விசேஷம் எல்லாவற்றுக்கும் விலக்கு. 2023 ஜூலையில் மத்திய அரசே அறிவிப்பு வெளியிட்டது. அதை அச்செடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டி வையுங்கள்.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
லட்ச லட்சமா வாடகை வாங்குற மண்டபத்துக்கு ஃப்ரீ. பன்னெண்டு ரூபாய்க்கு இட்லி விக்கிறவன் ரேடியோ வெச்சா கேஸ். நல்லா இருக்கு சட்டம்.

மண்டபத்து மாப்பிள்ளை:
லட்சம் எல்லாம் முகூர்த்த நாள்ல மட்டும்தான். ஆடியில வந்து பாருங்க, மண்டபத்துல வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பான்.

டவுன் பஸ்:
அறுவது வருசம் ஆன பாட்டுக்குக் காசு இல்லைங்கறாங்களே, நெசமுங்களா? அப்ப பழைய பாட்டா மாத்திக்கறேன்.

கோர்ட் குமாஸ்தா:
பாதிதான் உண்மை. ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷத்துக்குப் பின் 60 வருஷம். 1964இல் வந்த இசைத்தட்டுக்கு 2024 கடைசியோடு முடிந்தது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த பிறகு 60 வருஷம். கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. எம்.எஸ்.வி. மறைந்தது 2015, மெட்டுக்கு 2075 வரை. பாரதி பாட்டு வரிகளுக்குத்தான் கவலை இல்லை, 1949இலேயே அரசு வாங்கிவிட்டது.

ராஜா ரசிகன்:
இதெல்லாம் ராஜா சார் கேட்டப்போ எல்லாரும் அவரைத் திட்டினீங்க. 2017-ல எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனப்போ இதே தளத்துல என்ன பேச்சு பேசினீங்க, எல்லாம் ஸ்கிரீன்ஷாட் இருக்கு. இன்னிக்கு மட்டும் படைப்பாளி உரிமைன்னு உருகுறீங்க.

வயலின்காரர் மகன்:
நான் அன்னிக்கும் அவர் பக்கம்தான் பேசினேன். அது மேடைக் கச்சேரி, இது ரெக்கார்டு. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டாதீங்க.

ராஜா ரசிகன்:
நீங்க அன்னிக்கு என்ன எழுதினீங்கன்னு எனக்குத் தெரியும்.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
ஐயா, அந்தச் சண்டையை வேற திரியில வெச்சுக்கங்க. இது ரேடியோ திரி.

வயலின்காரர் மகன்:
சரி, நான் ஏன் இவ்வளவு கோவப்படுறேன்னு சொல்லிடறேன். எங்கப்பா 80-கள்ல கோடம்பாக்கம் ஸ்டுடியோக்கள்ல வயலின் வாசிச்சவர். காலையில கால்ஷீட், முடிஞ்சதும் வவுச்சர்ல கையெழுத்து, கையில காசு. கேசட் அட்டையில பேர் வராது. ரிட்டயர் ஆன பிறகு ஒரு தடவை திருச்சியில பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல்ல சாப்பிட உக்காந்தோம். பொங்கல் வந்துடுச்சு. மேல ஸ்பீக்கர்ல ஒரு பாட்டு, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற இசை. அப்பா ஸ்பூனைக் கீழ வெச்சுட்டார். இடது கை நாலு விரலும் டேபிள் விளிம்புல தானா ஏறி இறங்குது. முடிஞ்சதும், "மூணாவது வரிசையில நான்"னு சொன்னார். அவ்வளவுதான், வேற பேசல. பொங்கல் ஆறிப்போச்சு. பில்லு நான்தான் கட்டினேன். அந்த ஓட்டல்ல வடைக்கு விலை இருந்தது, காப்பிக்கு விலை இருந்தது. அப்பா வாசிச்சதுக்கு மட்டும் விலையே இல்ல. இப்ப சொல்லுங்க, இதுக்கு என்ன பேரு?

டவுன் பஸ்:
படிக்கறப்போ ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. எங்க வண்டியிலயும் அப்பா வாசிச்ச பாட்டு நிச்சயம் இருக்கும்.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
உங்கப்பாவுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன். எங்க கடைக்கு வந்திருந்தா காசே வாங்கியிருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த நோட்டீஸ்காரன் கேக்குற காசை நான் நாளைக்கே கட்டுறேன்னு வைங்க. அதுல உங்கப்பாவுக்கு எத்தனை பைசா வரும்? குமாஸ்தா அண்ணே, நீங்களே சொல்லுங்க.

கோர்ட் குமாஸ்தா:
கசப்பான விஷயம்தான். 1977இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகப் போட்ட பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது. கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் 35 வருஷம் அதோடு மல்லுக்கட்டினார்கள். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் பேசினார். 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. இன்று தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலித்தால் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் வரும் சமபங்கை எழுதி வாங்கிவிட முடியாது. பாடகர்களுக்கும் 38ஏ பிரிவில் பங்கு உண்டு. ஆனால் 2(க்யூக்யூ) பிரிவில் ஒரு வால் இருக்கிறது. படத்தில் உதிரியாக வேலை செய்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் போடப்படாதவர் ராயல்டிக்குரிய கலைஞராகக் கருதப்பட மாட்டார். வாசித்த தன் பகுதியை யாராவது சிதைத்தால் ஆட்சேபிக்கலாம், அது மட்டும் உண்டு. மூன்றாவது வரிசை வயலினை உதிரி என்று தள்ளிவிடுவது ரொம்பச் சுலபம்.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
கேட்டீங்களா? என் ரேடியோவைக் காட்டி கம்பெனிக்காரன் கல்லா கட்டுறான். உங்கப்பா பேரைச் சொல்லி நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்குறீங்க.

வயலின்காரர் மகன்:
அப்பாவுக்கு வரலேங்கிறதுக்காக எழுதினவனுக்கும் மெட்டுப் போட்டவனுக்கும் பாடினவங்களுக்கும் வரக் கூடாதா? சட்டத்துல ஓட்டை இருந்தா அடைக்கச் சொல்லுவோம். நீங்க அந்த ஓட்டை வழியா நைசா வெளிய போகப் பாக்குறீங்க.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
நான் எங்கயும் போகல. ரேடியோவுக்கு ரெண்டு தடவை காசு ஏன்னு கேட்டுட்டு இங்கயேதான் நிக்கிறேன்.

பிழைதிருத்தி:
'ராயல்டி' என்பதற்கு 'உரிமைத்தொகை' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லை.

மண்டபத்து மாப்பிள்ளை:
ஐயா, நோட்டீஸ்ல 'உரிமைத்தொகை'ன்னு போட்டா நாங்க மகளிர் ஸ்கீமுன்னு நினைச்சுக்குவோம்.

கோர்ட் குமாஸ்தா:
ஓட்டல்காரருக்கு உபயோகமாக ஒன்று. யார் கேட்டாலும் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாமல் இப்படி லைசென்ஸ் வழங்கும் தொழில் செய்ய முடியாது என்று மெட்ராஸ் ஐகோர்ட் 2021 டிசம்பரில் சொன்னது. உரிமையாளராக இருந்தால் 30ஆம் பிரிவுப்படி கொடுக்கலாம் என்று பாம்பே ஐகோர்ட் 2024 ஜனவரியில் நேர்மாறாகச் சொன்னது. எந்தெந்தப் பாட்டு, எந்தப் பத்திரப்படி உங்களுக்குச் சொந்தம், நீங்கள் பதிவு பெற்ற சங்கமா என்று கேட்டுப் பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். ஆனால் அலட்சியமாக விடாதீர்கள். 63ஆம் பிரிவில் மூன்று வருஷம்வரை ஜெயில் இருக்கிறது.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
ரேடியோவுக்கு மூணு வருஷம் ஜெயிலா!

கோர்ட் குமாஸ்தா:
தெரிந்தே உரிமையை மீறினால் என்றுதான் சட்டம் சொல்கிறது. நான் ரேடியோ என்று சொல்லவே இல்லை.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
நீங்க சொல்லல. அதான் பிரச்சினையே. இத்தனை பேர் வந்தீங்க, ஒருத்தரும் ரேடியோவைப் பத்திப் பேசல.

ஸ்காபரோ பேக்கரி:
நான் கதைச்சனே அண்ணை.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
நீங்க ஒருத்தர்தான் மனுஷன். மத்தவங்க நாளைக்கு என் வக்கீல் எழுதுற பதிலைப் பாருங்க, இங்கயே போடுறேன். இப்ப மாவு ஆட்டுற ஆள் வந்துட்டான், நான் எழுந்து போகணும். வர்றதுக்குள்ள அந்தத் 'திருடன்'ங்கிற வார்த்தையை எடுத்துடுங்க.

வயலின்காரர் மகன்:
எடுக்க மாட்டேன். ரேடியோவுக்கும் பதில் சொல்லியாச்சு, மேல ஏறிப் படிங்க. அவன் கட்டுறது ஒலிபரப்புக்கு, நீங்க கட்ட வேண்டியது உங்க கடைக்கு.

நாலுரோட்டு ஓட்டல்காரன்:
படிச்சேன். ஒரே பாட்டு, ஒரே ரேடியோ, ரெண்டு காசு. நீங்களும் அதையேதான் எழுதியிருக்கீங்க.