மறு: மறு: ‘டெஸ்ட் கவரேஜ்’ தமிழில்? திங்கட்கிழமை பாடம்

வணக்கம். திங்கட்கிழமை பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் சில்லுச் சோதனையைத் தமிழில் நடத்த வேண்டும். ‘ஸ்கேன் செயின்’, ‘டெஸ்ட் கவரேஜ்’ இரண்டுக்கும் தமிழ்ச் சொல் இடிக்கிறது. ஸ்கேன் செயின் இதுதான்: ஆளுக்கொரு பிட்டை நினைவில் வைக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப்களின் வாசலில், இரண்டு உள்ளீடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸை ஆளுக்கொன்று வைத்து, சோதனையின்போது எல்லாவற்றையும் ஒரே வரிசையாகக் கோத்துவிடுகிறோம். ஒரு கிளாக்குக்கு ஒரு பிட் நகரும். ‘வருடு சங்கிலி’ என்றால் ஸ்கேனர் கருவியை நினைக்கிறார்கள். சோதனை எத்தனை விழுக்காடு பழுதுகளைப் பிடிக்கிறது என்பதே கவரேஜ். அதைப் ‘பரப்பு’ என்றேன். சில்லின் பரப்பளவா என்று கேட்டார்கள்.

* * *

ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம் என்றால் அது அந்தாதிதானே! ‘அந்தாதிக் கோவை’ என்று வையுங்கள். ஈறு முதலோடு வந்து சேர்ந்தால் மண்டலித்தல் என்போம். இங்கே கடைசி பிட் வெளியே போய்விடுகிறது, ஆகவே மண்டலிக்காத அந்தாதி. சோதனை தேடும் கோளாறுகளில், 0-விலோ 1-இலோ கம்பி மாட்டிக்கொள்ளும் ‘ஸ்டக்-அட்’டுக்கு ‘உறைபழுது’ பொருந்தும்.

* * *

ஐயா, அந்தமும் வடசொல், ஆதியும் வடசொல். ‘முடிமுதல் தொடர்’ என்போம். வழாநிலை, வழு, வழுவமைதி என்று இலக்கணம் வகுத்துத் தந்த சொல் கையில் இருக்க, ‘பழுது’ எதற்கு?

* * *

வழு மென்பொருளில் ‘பக்’ ஆகிவிட்டது, ஐயா. வடிவமைத்தவர் செய்த தப்பு வழு. ஆலையில் சில்லு செய்யும்போது நேர்ந்தது பழுது. ஸ்கேன் தேடுவது இரண்டாவதை. இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது.

கவரேஜுக்கு வருகிறேன். உறைபழுதுகள் 1000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 40, என்ன உள்ளீடு கொடுத்தாலும் சிக்காதவை. 912 பிடிபட்டன. மொத்தத்தில் 91.2%, சிக்கக்கூடிய 960-இல் 95%. முன்னது ஃபால்ட் கவரேஜ், பின்னது டெஸ்ட் கவரேஜ். இதில் பரப்பு எங்கே இருக்கிறது? பிடிபடுவதைத்தான் எண்ணுகிறோம். ‘பழுதுப் பிடிவீதம்’, ‘சோதனைப் பிடிவீதம்’ என்றால் மாணவருக்கு உடனே விளங்கும்.

பிடிவீதத்தை எப்படி ஏற்றுவது என்பதும் அதே சொல்லில் ஓடும். எல்லா உள்ளீடும் 1 ஆனால்தான் 1 தரும் ஆண்ட் கேட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 16 உள்ளீடு கொண்ட அதற்குக் கண்டபடி பிட்களை ஊட்டினால், சராசரியாக 65,536 முறைக்கு ஒரு முறைதான் 1 வரும். அதன் பின்னால் ஒளிந்திருக்கும் பழுது எப்படிச் சிக்கும்? அங்கே, ஓர் உள்ளீடு 1 ஆனாலே 1 தரும் ஆர் கேட்டைச் சொருகி நாமே 1 கொடுத்தால் அது ‘ஆள்புள்ளி’ (கண்ட்ரோல் பாயிண்ட்). வெளியே தெரியாத கம்பியை ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப்பில் கட்டிக் கோவையோடு சேர்த்தால் ‘நோக்குபுள்ளி’ (அப்சர்வேஷன் பாயிண்ட்).

* * *

சரி, பிடிவீதம், ஆள்புள்ளி, நோக்குபுள்ளி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்கேன் செயினுக்கு வெறும் ‘கோவை’. அந்தாதியை விளக்கத்தில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பள்ளியிலேயே படித்ததுதான்.

* * *

கோவை என்றால் ஊர்ப்பெயரோடு குழம்பும், அம்மா. ‘முடிமுதல் தொடர்’ என்ற என் பரிந்துரை அப்படியே நிற்கட்டும்.