ஃபாரமிரைத் திரையில் மாற்றியது தேவைதானா?

இத்திலியன்வாசி (கேள்வி)

வணக்கம். ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் 'தி டூ டவர்ஸ்' தொகுதியின் பிற்பாதியைச் சென்ற மாதம் மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். முடித்த கையோடு 2002இல் வெளியான பீட்டர் ஜாக்சனின் படத்தையும் போட்டுப் பார்த்தேன். பல வருடங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஒரு கேள்வி இப்போது இன்னும் கூர்மையாகிவிட்டதால் இங்கே கேட்கிறேன்.

நாவலில் கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபாரமிர், யாரையும் ஆசைப்பட வைத்து அழிக்கும் பகைவனின் மோதிரத்தைத் தொடுவதே இல்லை. சிற்றுருவ ஹாபிட் இனத்தவனான ஃப்ரோடோ அழிப்பதற்காகச் சுமந்து செல்லும் பொருள் என்னவென்று தெளிவாகத் தெரிவதற்கு முன்பே, அது பெருவழியில் கேட்பாரற்றுக் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறான். மினாஸ் திரித் நகரமே இடிந்து விழுந்துகொண்டிருந்து, அதைக் காப்பாற்றத் தன் ஒருவனால்தான் முடியும் என்ற நிலை வந்தாலும் எடுக்கமாட்டானாம். உண்மை தெரிந்த பிறகும் அந்தச் சொல்லிலிருந்து அவன் வழுவுவதில்லை. வழிக்கு உணவும், ஊன்றிக்கொள்ள ஆளுக்கொரு கைத்தடியும் கொடுத்து அனுப்பி வைக்கிறான்.

படத்தில் நடப்பதோ வேறு. ஃப்ரோடோவின் கழுத்துச் சங்கிலியை வாள்முனையால் தூக்கி மோதிரத்தைப் பார்க்கிறான். பிறகு அவனையும் அவன் தோழன் சாமையும் கைதிகளாக இடிந்த எல்லை நகரமான ஆஸ்கிலியத் வரை இழுத்துச் செல்கிறான். பகைவனின் ஏவலனான நாஸ்கூல் வந்திறங்கி, ஃப்ரோடோ நிலைதடுமாறி, சாம் அந்த நீண்ட பேச்சைப் பேசி முடித்த பின்னரே அவன் மனம் மாறுகிறது.

1944 மே மாதம், விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு எழுதிய கடிதத்தில், புதிதாக ஒரு பாத்திரம் கதைக்குள் நடந்து வந்துவிட்டதாக டோல்கீன் குறிப்பிடுகிறார். தாம் அவனை உண்டாக்கவில்லை, வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, ஆனாலும் அவனைப் பிடித்திருக்கிறது என்கிறார். தம் பாத்திரங்களில் தம்மைப் போன்றவர் ஒருவர் உண்டென்றால் அது ஃபாரமிர்தான் என்று பின்னாளில் எழுதியவரும் அவரே. அப்படிப்பட்ட ஒருவனை, மோதிரத்துக்கு ஆசைப்பட்ட அவன் அண்ணன் போரமிரின் மெலிந்த நகலாக்குவதற்கு உண்மையிலேயே தேவை இருந்ததா?

இன்னொன்று. முன்பு அந்த மோதிரத்தை வைத்திருந்த கோல்லமை மையமாக வைத்து ஆண்டி செர்கிஸ் இயக்கும் படம் 2024இல் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அடுத்து எந்தக் கதையைப் படமாக்கலாம் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. டோல்கீனின் இன்னொரு நூலான 'ஹூரினின் பிள்ளைகள்' படமானால் அதன் நாயகன் டூரினுக்கும் இதே கதிதான் நேருமா?

தொகுப்பறை

நான் குறும்படங்கள் சிலவற்றைத் தொகுத்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்ல முயல்கிறேன். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான பிலிப்பா போயன்ஸ் இந்த மாற்றத்துக்குச் சொன்ன காரணம் மோதிரத்தின் வலிமையைப் பற்றியது. முதல் படம் முழுவதும் அதைக் கண்டு எல்லாரும் அஞ்சுகிறார்கள். மந்திரவாதி காண்டால்ஃப் தொட மறுக்கிறார். எல்ஃப் அரசி கேலட்ரியல்கூட உருவமும் குரலும் மாறி நம்மை ஒரு கணம் நடுங்க வைத்த பிறகுதான் மறுக்கிறார். போரமிர் அதனால் அழிந்தே போகிறான். இவ்வளவும் பார்த்துவிட்டு வந்த பார்வையாளர் முன்னால், புதிதாக ஒருவன் வந்து எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால், இதுவரை கட்டிவைத்த அச்சம் முழுவதும் சரிந்துவிடும்.

இரண்டாவது காரணத்தை நம் வாசகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நாவலின் அந்தத் தொகுதி ராட்சதச் சிலந்தி ஷீலோபின் குகையோடு முடிகிறது. படமோ ஷீலோபை மூன்றாம் பாகத்துக்குத் தள்ளிவிட்டது. அதைக் குற்றமாகச் சொல்பவர்கள் டோல்கீனே பின்னிணைப்பில் கொடுத்திருக்கும் நாள்கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டாம் படத்தின் உச்சக்கட்டமான ஹெல்ம்ஸ் டீப் போர் மார்ச் 3ஆம் தேதி இரவு நடக்கிறது. ஃபாரமிர் ஃப்ரோடோவைப் பிடிப்பது 7ஆம் தேதி. ஷீலோபின் குகைக்குள் அவர்கள் நுழைவது 12ஆம் தேதி. மூன்றாம் படத்தில் வரும் பெலென்னோர் வயல்வெளிப் போர் 15ஆம் தேதி. எல்லாக் கிளைகளையும் மாற்றி மாற்றிக் காட்டும் படத்தில், ஷீலோப் மூன்றாம் பாகத்தில் வருவதுதான் அவருடைய காலவரிசைக்கே பொருந்துகிறது.

ஆனால் அப்படித் தள்ளிவிட்டால் இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவின் கிளைக்கு உச்சக்கட்டம் என்று ஒன்று இருக்காது. ஒரு பக்கம் ஹெல்ம்ஸ் டீப் கோட்டை மதில் வெடித்துச் சிதறும்போது, மறுபக்கம் இவர்கள் அருவிக்குப் பின்னால் உட்கார்ந்து உணவருந்தி விடைபெற்றுச் சென்றார்கள் என்று வெட்டி ஒட்ட முடியாது. ஆஸ்கிலியத் பயணம் முளைத்தது அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான்.

நள்ளிரவு வாசகி

தொகுப்பறை அவர்கள் சொல்லும் இரண்டாவது காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். அந்த நாள்கணக்கை இப்படி வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. முதல் காரணத்தைத்தான் ஏற்க முடியவில்லை. நாவலின் ஃபாரமிருக்குச் சபலமே எழவில்லை என்று படத்தை எழுதியவர்களும் நினைத்துவிட்டார்கள், அவர்களைக் கண்டிக்கும் வாசகர்களில் பலரும் நினைத்துவிட்டார்கள். அந்த அத்தியாயத்தை மெதுவாகப் படித்தால் அப்படி இல்லை.

காட்சியை நினைவுபடுத்திப் பாருங்கள். அருவிக்குப் பின்னால் உள்ள குகை. உண்பதற்கு முன் அவர்கள் எல்லாரும் எழுந்து மேற்கு நோக்கிச் சிறிது நேரம் மௌனமாக நிற்கிறார்கள். பிறகு உணவு, குளிர்ந்த மது. பல நாள் பட்டினிக்குப் பிறகு வயிறு நிறைந்ததாலோ மதுவாலோ சாமுக்கு நாக்கின் கட்டு தளர்ந்துவிடுகிறது. லோரியன் அரசி கேலட்ரியலின் அழகைப் பேசிக்கொண்டே போனவன், போரமிரைப் பற்றிச் சொல்ல வந்து, அவன் பகைவனின் மோதிரத்துக்கு ஆசைப்பட்டான் என்று உளறிவிடுகிறான். ஃபாரமிர் எழுந்து நிற்கிறான். அவனுடைய உயரமும் கண்களில் தோன்றும் ஒளியும் குறிப்பாகச் சொல்லப்படுகின்றன. ஹாபிட்டுகள் இருவரும் துள்ளி எழுந்து சுவரோடு முதுகு ஒட்ட நின்று வாளின் பிடியைத் தேடுகிறார்கள். குகையில் பேசிக்கொண்டிருந்த வீரர்கள் அத்தனை பேரும் வாயடைத்துத் திரும்பிப் பார்க்கிறார்கள். தன் தகுதியைக் காட்ட ஃபாரமிருக்கு ஒரு வாய்ப்பு என்று அவன் சொல்லும் வரி அங்கேதான் வருகிறது. படத்திலும் அந்த வரி இருக்கிறது, பொருள்தான் தலைகீழாகிவிட்டது. ஏனென்றால் நாவலில் அடுத்த கணம் அவன் மறுபடியும் உட்கார்ந்து, மெல்லச் சிரிக்கத் தொடங்கி, உடனே முகம் இறுகிவிடுகிறான்.

அந்த எழுந்து நின்ற கணத்தில் அவனுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அதற்கு விடையும் அவன் வாயிலேயே வருகிறது. இதை விரும்பக்கூடியவனாகவே தான் இருந்தாலும், அது என்னவென்று அறியாமல்தான் முன்பு பேசினாலும், பேசிய சொல்லை ஒரு சூளுரையாகக் கொண்டு அதற்குக் கட்டுப்படுவேன் என்கிறான். தூய்மையானவன் என்பதற்காக மோதிரம் அவனைத் தீண்டாமல் போகவில்லை. கொடுத்த சொல் அவனைக் கட்டிப் போட்டிருக்கிறது. மோதிரத்தின் வலிமை இதனால் எந்த வகையில் குறைகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அவன் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. கோண்டோர் ஆட்சியாளரின் அனுமதியின்றி அந்த நிலத்தில் நடமாடும் எவரையும் கொல்ல வேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை. அதை மீறி விட்டு அனுப்பியதற்காகத் தந்தை டெனத்தோரின் எதிரே நிற்கும்போது, அவனுடைய இடத்தில் போரமிர் இருந்திருக்கக் கூடாதா என்று அந்தத் தந்தை வாய்விட்டுச் சொல்கிறார். இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. மோதிரப் பயணம் தொடங்கிய ரிவெண்டலுக்குப் போகச் சொன்ன கனவு முதலில் வந்ததும் பல முறை வந்ததும் ஃபாரமிருக்கு. போரமிருக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது. பயணத்தை வற்புறுத்தித் தனதாக்கிக்கொண்டவன் அண்ணன். படத்தின் நீட்டிக்கப்பட்ட பதிப்பில் இது டெனத்தோர் மூத்த மகனுக்கு இட்ட கட்டளையாக மாறிவிட்டது. தம்பி போயிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று வாசகர் தாமாகவே எண்ணிப் பார்த்து வருந்தும் இடம் அதோடு போய்விட்டது.

டேவிட் வென்ஹம் நடிப்பில் எனக்குக் குறை இல்லை. அவருக்கு எழுதிக் கொடுத்தது அப்படி.

மெரியின் கத்தி

என் மனக்குறை பாத்திரங்களைவிட, வெட்டப்பட்ட பகுதிகளோடு சேர்ந்து காணாமல் போகும் காரணங்களைப் பற்றியது. நாவலின் தொடக்கப் பகுதியில் வரும் டாம் பாம்படிலைப் படத்தில் நீக்கியதில் எனக்கு வருத்தம் பெரிதாக இல்லை. பிபிசி 1981இல் ஒலிபரப்பிய வானொலி நாடகத்திலும் அவர் கிடையாது. (அதில் ஃப்ரோடோவாகக் குரல் கொடுத்த இயன் ஹோம்தான் இருபது வருடங்கள் கழித்துப் படத்தில் பில்போவாக வந்தார் என்பது ஒரு சுவையான தொடர்பு.) ஆனால் பாம்படில் போகும்போது கல்லறை மேடுகளும் போய்விடுகின்றன; அங்கே கிடைத்த கத்திகளும் போய்விடுகின்றன. ஹாபிட் மெரியின் கத்தி, நாஸ்கூல் தலைவனான அங்க்மார் அரசனை எதிர்த்துப் போரிட வடநாட்டு மனிதர்கள் அடித்துச் செய்தது. பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் கிடந்து, கடைசியில் அதே அரசனின் முழங்காலுக்குப் பின்னால் பாய்கிறது. படத்தில் வெதர்டாப் குன்றில் அரகார்ன் ஹாபிட்டுகளுக்கு வாள்களை எடுத்து நீட்டுகிறான், அவ்வளவுதான். ஃபாரமிர் விஷயத்திலும் இதுவே நடந்ததாக நினைக்கிறேன். அவன் முன்னதாகக் கொடுத்த சொல்லை வெட்டிவிட்டார்கள். பின்னால் வரும் மறுப்புக்குக் காரணமில்லாமல் போனதால், புதிதாக ஒரு காரணம் தேடி ஆஸ்கிலியத் வரை போக வேண்டியதாயிற்று.

நார்கோத்ராண்ட்

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் நான் எடுத்துக்கொள்கிறேன். கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிச் செல்லவும்.

முதலில் உரிமைச் சிக்கல். டோல்கீன் 1969இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்குத் திரைப்பட உரிமையை விற்றது 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ஆகிய இரண்டுக்கு மட்டுமே. அவர் 1973இல் காலமானார். 'சில்மரில்லியன்' கிறிஸ்டோபரின் பதிப்பாக 1977இல் வந்தது, 'ஹூரினின் பிள்ளைகள்' 2007இல் வந்தது. இவற்றின் உரிமை குடும்பத்தாரின் பொறுப்பிலேயே இருந்துவருகிறது. அமேசான் 2022இல் தொடங்கிய தொடர்கூடப் பெரிதும் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பின்னிணைப்புகளை நம்பியே கதை பின்ன வேண்டியிருந்தது அதனால்தான். ஜாக்சனின் படங்கள் நாவலின் குடலை உருவி இளைஞர்களுக்கான சண்டைப்படமாக்கிவிட்டன என்று 2012இல் ஒரு பிரெஞ்சு நாளிதழிடம் மனம் கசந்து பேசிய கிறிஸ்டோபர் இருந்தவரை இதற்கு வழியே இருக்கவில்லை. அவர் 2020இல் காலமானார்.

வழி திறந்தால் டூரின் கதை ஃபாரமிரைவிட எளிதாகத் திரைக்கு வரும் என்பது என் கணிப்பு. ஃபாரமிரின் வீரம் ஒன்றைச் செய்யாமல் இருப்பதில் இருக்கிறது. கேமரா அதைப் பிடிக்கத் திணறும். டூரினோ எப்போதும் எதையாவது செய்துகொண்டே இருப்பவன், செய்வது ஒவ்வொன்றும் தவறாக முடியும். நார்கோத்ராண்ட் என்பது ஆற்றங்கரையில் மறைந்திருந்த நகரம். மறைந்து போரிடுவது கோழைத்தனம் என்று வாதாடி, வாயிலுக்கு நேரே பெரிய பாலம் ஒன்றைக் கட்ட வைக்கிறான். அந்தக் கல்லையெல்லாம் ஆற்றில் தள்ளிவிடுங்கள் என்று நீர்த்தெய்வம் உல்மோவிடமிருந்து எச்சரிக்கை வருகிறது. இவன் கேட்கவில்லை. டிராகன் கிளவ்ருங் அந்தப் பாலத்தின் மேலேயே நடந்து வருகிறது. அவனுடைய செருக்கைக் காட்ட வசனமே வேண்டாம். பாலத்தை நான்கு முறை காட்டினால் போதும்.

டூரினின் நண்பன் பெலெக்கின் சாவும் அப்படித்தான். புயல் நெருங்கும் இருட்டில், கைதியாகக் கிடந்த டூரினின் விலங்கைப் பெலெக் வாளால் அறுக்கும்போது நுனி வழுக்கி அவன் பாதத்தில் பட்டுவிடுகிறது. சித்திரவதை செய்யப் பகைவரான ஓர்க்குகள் வந்துவிட்டார்கள் என்று எண்ணி டூரின் வாளைப் பிடுங்கிக் குத்துகிறான். அதன் பிறகுதான் மின்னல் வெட்டி, குத்துப்பட்டவரின் முகம் தெரிகிறது. இயக்குநர் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

எனக்கு அச்சம் தருவது கடைசிப் பகுதிதான். டிராகனின் மாயத்தால் நினைவிழந்த தங்கை நியனோரை யாரென்று அறியாமல் அவன் மணந்துகொள்கிறான். பின்லாந்தின் காவியமான கலேவலாவில் வரும் குல்லர்வோவின் கதையிலிருந்து டோல்கீன் எடுத்துக்கொண்ட கரு இது. பெரிய முதலீட்டில் எடுக்கும் நிறுவனம் இதை அப்படியே வைக்குமா என்பது ஐயமே. மணமுடிப்பதற்கு முன்பே உண்மை வெளிப்படும்படி மாற்றிவிடுவார்கள். மாற்றினால் அந்தக் கதை அங்கேயே செத்துவிடும். நான் எடுத்தால் தந்தை ஹூரினிடமிருந்து தொடங்குவேன். இருள்வேந்தன் மோர்காத் அவரை மலையுச்சியில் ஒரு கல்லிருக்கையில் அசைய முடியாமல் உட்கார வைத்து, தன் கண்களால் பார்க்கும்படியும் தன் காதுகளால் கேட்கும்படியும் செய்கிறான். 28 வருடங்கள் அவர் சிறையில் இருக்கிறார். நாம் திரையில் பார்ப்பது முழுவதும் அவர் பார்ப்பது என்று வைத்தால், எது நடந்தது, எது திரித்துக் காட்டப்பட்டது என்ற குழப்பம் நமக்கும் சேர்ந்து வரும்.

இத்திலியன்வாசி

அனைவருக்கும் நன்றி. நாள்கணக்கைப் பார்த்த பிறகு ஷீலோப் விஷயத்தில் என் கோபம் தணிந்துவிட்டது. நள்ளிரவு வாசகி சொன்ன பிறகு அந்தக் குகைப் பகுதியை நேற்று மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஃபாரமிர் எழுந்து நின்ற வரியை மூன்று முறை படித்தும் கவனிக்காமல் கடந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொகுப்பறை அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பெருவழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று ஃபாரமிர் சொல்லும் இடத்தை முன்னால் வைத்து, குகையில் எல்லாரும் பேச்சை நிறுத்தியதும் அருவியின் இரைச்சலை மட்டும் விட்டுவிட்டு, அவன் எழுந்து நின்று மறுபடியும் உட்காரும் வரை வெட்டே இல்லாமல் ஓட்டினால், ஹெல்ம்ஸ் டீப்புக்கு எதிரே அது நிற்குமா, நிற்காதா?

தொகுப்பறை

மதில் வெடித்துச் சிதறிய உடனே வைத்தால் நிற்காது. மதில் வெடிப்பதற்கு முன், இருபுறமும் மழையில் அமைதியாகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம். மழையின் ஓசையிலிருந்து அருவியின் ஓசைக்கு மாறுவதும் எளிது.