22 நோயாளிகளுக்கு நர்ஸ் நான் ஒருத்தி. மெமோவுக்கு என்ன பதில் எழுத?

கேள்வி: நேற்று நைட் ஷிஃப்ட், வார்டில் 22 பேர். படுக்கையில் கிடக்கும் தாத்தாவை, படுக்கைப்புண் வராமலிருக்க, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும். ஒருமுறை தவறிடுச்சு. காலையில் இடுப்பில் சிவந்திருந்தது. மேலாளர் மெமோவில் கேட்டது, "சார்ட்டில் ஏன் எழுதல?" என்பதுதான். தாத்தாவை எட்டிக்கூடப் பார்க்கல.

பதில்: செய்யாததைச் செய்ததா மட்டும் எழுதிடாதீங்க சிஸ்டர். அடுத்த முறை ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே "ஆள் போதாது"ன்னு நேரம் போட்டு எழுதிக் கொடுத்து, நகல் வச்சுக்கோங்க.

பதில்: கலிபோர்னியாவில் 2004-லிருந்து சட்டமே அமலில் இருக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 பேருக்கு ஒரு நர்ஸ். பொது வார்டில் இப்போ 5 பேருக்கு ஒருத்தர். இங்கே 22 பேராம்!

கேட்டவர்: இன்னைக்கு எழுதிக் கொடுத்தேன். "டீம் ஸ்பிரிட் இல்லையே" என்றார் மேலாளர். நகல் என் பையில இருக்கு.