பவர் பிரஸ் அதிர்வைத் தடுக்கும் மவுண்ட் (மெஷின் காலுக்கு அடியில் வைக்கும் தாங்கி) செய்பவர்கள் யாராவது தெரியுமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பட்டறை வைத்திருக்கிறேன், அவசரமாக ஒரு உதவி வேண்டும். போன மாதம் 20 டன் விசையில் தகட்டை அடிக்கும் பவர் பிரஸ் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினோம், அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பக்கத்து வீட்டுச் சுவர் அதிர்கிறது, அங்கே தனியாக இருக்கும் பாட்டி வந்து சுவரில் விழுந்த விரிசலைக் காட்டினார்கள். ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முதலில் கடைக்காரர் சொன்னபடி சாதாரண ரப்பர் ஷீட்தான் போட்டேன். எண்ணெய் பட்டுப் பட்டு அது ஊதிப்போய் மிருதுவாகிவிட்டது (எண்ணெய் இருக்கிற இடத்தில் நியோப்ரீன் அல்லது நைட்ரைல் ரப்பர்தான் போட வேண்டுமாம், இப்போதுதான் தெரிந்தது).

அப்புறம் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். மெஷின் எடையில் மவுண்ட் 10 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் இயல்பு அதிர்வு நொடிக்கு சுமார் 5 முறைதான், 1440 ஆர்பிஎம் மோட்டாரின் நடுக்கமோ அதைவிட மிக வேகம், நொடிக்கு 24 முறை, அதனால் மோட்டார் நடுக்கம் பெரும்பாலும் தரைக்கு இறங்காது. ஆனால் பிரஸ் அடி என்பது தொடர் நடுக்கம் இல்லை, திடீர் அதிர்ச்சி. அதற்கு ஸ்பிரிங்கோடு டாம்பரும் (ஆட்டத்தை அடக்கும் பாகம்) சேர்ந்தது வேண்டுமா, கனமான ரப்பர் மவுண்டே போதுமா?

மெஷின் ஒன்றரை டன், ஃப்ளைவீல் இருக்கிற பக்கம் எடை அதிகம், அதனால் நான்கு காலுக்கும் ஒரே மவுண்ட் சரிவராது என்று நினைக்கிறேன். நேரில் வந்து அளந்து, ஒரே ஒரு செட் என்றாலும் செய்து தரும் தயாரிப்பாளர் சேலத்திலோ கோவையிலோ இருந்தால் சொல்லுங்கள். இதே மாதிரி பிரஸ்ஸுக்கு மாட்டியவர்கள் இருந்தால் உங்கள் பட்டறைக்கே வந்து பார்க்கிறேன்.