டேக்கைக் கழற்றணுமா, படத்தைச் சுருக்கினா போதுமா?

காரைக்குடிக்காரன்:
நம்மூர்ல கண்டாங்கிச் சேலை விக்கிற கடை ஒண்ணோட தளத்தைச் சாதாரண ஆண்ட்ராய்டு போன்ல திறந்தேன். சேலைப் படம் வந்துடுச்சு. ‘கூடையில் சேர்’னு இருக்கிற பட்டனை அழுத்தினா அசையவே இல்ல. உள்ள பாத்தா டேக் மேனேஜர்ல, அதாவது வெளி நிறுவனங்களோட சின்ன ஸ்கிரிப்டுகளை (டேக்) பக்கத்துல ஏத்துற கருவியில, ரெண்டு விளம்பர பிக்சல், ஹீட்மேப் (ஆளுங்க எங்க தட்டுறாங்கன்னு பதியிறது), சாட் பெட்டி. போதாததுக்கு 2023 ஜூலையில கூகுள் நிறுத்தின பழைய அனலிட்டிக்ஸ் டேக் வேற இன்னும் ஏறுது. யாருக்காக இதெல்லாம்? கழற்றச் சொல்லுங்க.

பள்ளத்தூர் தம்பி:
அண்ணே, அந்தக் கடைக்கு விளம்பரம் ஓட்டுறதே நான்தான். பிக்சல் இல்லேன்னா எந்த விளம்பரத்துல சேலை வித்துச்சுன்னே தெரியாது. தீபாவளி வர்ற நேரத்துல கண்ணைக் கட்டிக்கிட்டுக் காசைக் கொட்டச் சொல்றீங்களா? டேக் எல்லாம் ஏசிங்க்ல ஏறுது, பக்கத்தை மறிக்காது. படத்தைச் சுருக்கினா போதும்.

காரைக்குடிக்காரன்:
ஏசிங்க்னா ஸ்கிரிப்ட் இறங்குற வரைக்கும் பக்கம் காத்திருக்காது, அவ்வளவுதான் தம்பி. இறங்கினதும் அதே மெயின் த்ரெட்லதான், அதாவது பிரவுசர் ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் பாக்கிற வரிசையிலதான் ஓடணும். 50 மில்லிசெகண்டுக்கு மேல ஒரு வேலை அதைப் பிடிச்சுக்கிட்டாலே ‘லாங் டாஸ்க்’. அது முடியிற வரைக்கும் நீங்க பட்டனைத் தட்டினாலும் பதில் வராது. கூகுள் 2024 மார்ச்ல ஐஎன்பியை (தட்டினா பக்கம் எவ்வளவு வேகமா பதில் தருதுங்கிற அளவு) அளவுகோலாக்கினது இதை அளக்கத்தான். தட்டினதுலேருந்து திரை மாற 200 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும். படத்தைச் சுருக்கினா எல்சிபி, அதாவது பக்கத்தோட பெரிய படம் திரையில வர்ற நேரம் குறையும், இது குறையாது. க்ரோம் பிரவுசரோட சோதனைக் கருவியான டெவ்டூல்ஸ்ல, அந்த டேக்குகள் வர்ற டொமைன்களை பிளாக் பண்ணிட்டுத் திறந்து பாருங்க. எனக்குத் தொட்டதும் கூடை திறந்துச்சு.

கானாடுகாத்தான் வாசி:
பழைய வீட்டை ஹோட்டலாக்கியிருக்கிறோம். விருந்தினர் பலர் ஐரோப்பாவிலிருந்து வருகிறார்கள். அதனால் எங்கள் தளத்தில் குக்கி சம்மதப் பெட்டி (கண்காணிப்புக்கு அனுமதி கேட்பது) வைத்தே ஆக வேண்டும், அதுவும் ஸ்கிரிப்ட்தான். எல்லாவற்றையும் கழற்ற வழியில்லை. சாட் பெட்டியை மட்டும், பார்ப்பவர் அதன் ஐகானைத் தட்டிய பிறகு ஏறும்படி மாற்றினோம். நல்ல வித்தியாசம் தெரிந்தது.

பள்ளத்தூர் தம்பி:
சாட், ஹீட்மேப் போகட்டும். பழைய அனலிட்டிக்ஸும் போகட்டும். பிக்சலை விடமாட்டேன். அதோட தகவலை ஆளோட போன்லேருந்து அனுப்பாம நம்ம சர்வர் வழியா அனுப்பலாம்னா மாசாமாசம் சர்வர் வாடகை; முதலாளி தரமாட்டார்.

காரைக்குடிக்காரன்:
உங்க பிக்சல் இருக்கட்டும். இன்னொண்ணு யார் போட்டது?

பள்ளத்தூர் தம்பி:
எனக்கு முன்னாடி பாத்த ஏஜென்சி. ரிப்போர்ட்டு அவங்களுக்குத்தான் போகும்.

காரைக்குடிக்காரன்:
அப்ப முதல்ல எடுக்க வேண்டியது அதுதான். இன்னைக்கே எடுங்க.

பள்ளத்தூர் தம்பி:
முதலாளிகிட்ட கேட்டுட்டு எடுக்கிறேன்ணே. என்னோடதுல தீபாவளி முடியிற வரைக்கும் கை வைக்க விடமாட்டேன்.